வெயில் காலச் சாலட்: சந்தைக் காயிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை

காலையில் நறுக்கென்று கடிபட்ட வெள்ளரிப்பிஞ்சு, மதியம் கிண்ணத்துக்குள் தண்ணீரில் மிதக்கிறது. மாங்காய் துவண்டு கிடக்கிறது. மல்லித்தழை கறுத்துப் போயிருக்கிறது. காயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, செய்முறையில் வரிசை தப்பிவிட்டது. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், தர்பூசணியில் தொண்ணூற்றிரண்டு. உப்பு பட்டதுமே அந்தத் தண்ணீர் வெளியே வரத் தொடங்கும். அரை மணி நேரம் விட்டால் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். எனவே கோடைச் சாலட்டுக்கு முதல் விதி: காயில் தண்ணீர் ஒட்டியிருக்கக் கூடாது, உப்பு கடைசியில்தான் சேர வேண்டும். கீழே வரும் செய்முறைகள் எல்லாவற்றிலும் இந்த விதி திரும்பத் திரும்ப வரும்.

வாங்கும்போது

1999-இல் மதுரையில் தொடங்கி இன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் உழவர் சந்தைகள் சாலட்டுக்கென்றே அமைந்த இடங்கள். விளைவித்தவரே விற்பதால் எப்போது பறித்தது என்று நேரடியாகக் கேட்கலாம். ஆனால் காலை ஆறு, ஆறரைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணி வெயில் பட்ட கீரைக்கட்டும் புதினாவும் குழம்புக்கு ஆகும், பச்சையாகத் தின்ன ஆகாது.

வெள்ளரியில் விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரையுள்ள நாட்டுப் பிஞ்சுதான் சாலட்டுக்கு உகந்தது. தோல் மெல்லியது, விதை இன்னும் முற்றியிருக்காது, உரிக்காமலே நறுக்கலாம். நுனி சுருங்கியிருந்தாலோ, நடுவில் அழுத்தும்போது அமுங்கினாலோ வேண்டாம். மஞ்சள் படர்ந்த காய் முற்றியது. அதை வாங்கிவிட்டால் நீளவாக்கில் பிளந்து, விதைச் சோற்றைக் கரண்டியால் வழித்துவிட்டுச் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பு ஏன் வருகிறது? கடும் வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வளரும் கொடி குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருளை அதிகம் சுரக்கும். அது பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும் தங்கும். நுனியை அறுத்து நுரை வரத் தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தேய்ப்பதைவிட, காம்புப் பக்கம் ஓர் அங்குலம் வெட்டி எறிவதுதான் கணக்கில் சேரும். அதன் பிறகு ஒரு சிறு துண்டைக் கடித்துப் பாருங்கள். அப்போதும் கசந்தால் முழுக் காயையும் விட்டுவிடுங்கள்; எலுமிச்சை பிழிந்து மறைக்க முயல வேண்டாம், கசப்புப் பொருள் அளவு மீறினால் வயிற்றைப் புரட்டும்.

மாங்காயில் கிளிமூக்கு வகை மொறுமொறுப்பானது, புளிப்பு குறைவு. நாட்டு மாங்காய் புளிப்பு ஏறியது. இரண்டுக்கும் ஒரே அளவு போட்டால் ஒன்று சப்பென்றிருக்கும், மற்றது பல் கூசும். நாலு பேருக்கான சாலட்டில் கிளிமூக்குத் துருவல் நாலு மேசைக்கரண்டி போடலாம். நாட்டு மாங்காய் என்றால் ஒன்றரை போதும், எலுமிச்சையையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

தக்காளி போடுவதானால் கெட்டியான பெங்களூர்த் தக்காளிதான். நாட்டுத் தக்காளி ரசத்துக்குப் பிறந்தது. சாலட்டில் போட்டால் சாறு விட்டு எல்லாவற்றையும் நனைத்துவிடும். எதுவானாலும் விதையையும் சாற்றையும் நீக்கிவிட்டு ஓட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள்.

வாங்கி வந்ததை எங்கே வைப்பது என்பதிலும் பிழை நடக்கிறது. வெள்ளரிக்குக் கடுங்குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் தோலில் நீர்க்கோத்த பள்ளம் விழும். துணியில் சுற்றிக் கதவுப் பக்கத்து அடுக்கில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். தக்காளியை வெளியிலேயே வைக்கலாம். குளிரில் அதன் மணம் போய்விடும். புதினா, மல்லியின் வேரை வெட்டி, காம்பு மட்டும் மூழ்கும்படி தண்ணீர் டம்ளரில் நிறுத்தி, மேலே ஈரத் துணி போர்த்தினால் மறுநாளும் நிமிர்ந்து நிற்கும்.

கழுவுவதும் உலர்த்துவதும்

பச்சையாகத் தின்னப் போகிற காய் என்பதால் இதில் சோம்பல் கூடாது. முதலில் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்து மண்ணைப் போக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சமையல் சோடா, அதாவது இரண்டு தேக்கரண்டி, கரைத்து அதில் 12 முதல் 15 நிமிடம் ஊறவிட்டு மறுபடி இரண்டு முறை அலசுங்கள். மேல்தோலில் படிந்த பூச்சிமருந்தில் பெரும்பகுதி இதில் போய்விடும். தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது எந்தக் கழுவலுக்கும் போகாது. சந்தேகமான காய் என்றால் தோல் சீவுவதே வழி. பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் காயில் காட்டவே காட்டாதீர்கள்.

தர்பூசணி, முலாம்பழம் போன்றவற்றைத் தோலோடு கழுவிய பிறகே வெட்ட வேண்டும். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது.

அடுத்து உலர்த்தல். பலர் தாண்டிப் போகும் படி இது. கழுவிய காயைப் பருத்தித் துண்டின் மேல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் விடுங்கள். தழைகளைத் துணியில் முடிந்து, வாசலில் நின்று இரண்டு மூன்று வீசு வீசினால் துளித் தண்ணீர் தங்காது. ஈரத்தோடு நறுக்கினால் எண்ணெயும் எலுமிச்சையும் காயில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கும். மேலே சப்பென்று, அடியில் கரிப்பாக இருக்கும் சாலட்டின் மர்மம் இதுதான்.

கோசுமல்லி: நாலு பேருக்கு

இராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு பருப்புக் கலவை வைத்துப் படைப்பது வழக்கம். கர்நாடகத்தில் கோசம்பரி, மகாராஷ்டிரத்தில் சற்று மாறி கோஷிம்பீர். செட்டிநாட்டில் போய்க் கோசமல்லி கேட்டால் கத்திரிக்காயை வேகவைத்து மசித்த பதார்த்தம் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். இங்கே பேசுவது பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்தது.

தேவையானவை: பாசிப்பருப்பு 100 கிராம், வெள்ளரிப்பிஞ்சு 250 கிராம், கேரட் ஒன்று, கிளிமூக்கு மாங்காய்த் துருவல் நாலு மேசைக்கரண்டி, புதிதாகத் துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் ஒன்று, மல்லித்தழை ஒரு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. தாளிக்க நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு ஆர்க்கு, பெருங்காயத்தூள் இரண்டு சிட்டிகை.

1. பருப்பை மூன்று முறை களைந்து ஊறவையுங்கள். மார்கழியில் ஒரு மணி நேரம் கேட்கும் பருப்புக்குச் சித்திரையில் முக்கால் மணி போதும். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், வாயில் போட்டால் மெல்லிய நறுக்கு மிஞ்ச வேண்டும். இரண்டு மணி நேரம் மறந்துவிட்டால் குழகுழத்துப் புளிப்பு வாடை தட்டும். அதை அரைத்து அடையாக ஊற்றிக்கொள்ளுங்கள், சாலட்டுக்கு வேண்டாம்.

2. ஊறியதும் வடிதட்டில் கொட்டி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். பருப்பு உதிரி உதிரியாக இருக்க வேண்டும். 100 கிராம் பருப்பு ஊறி வடிந்தபின் ஏறக்குறைய இரு மடங்கு எடைக்கு வரும்.

3. தாளிப்பை இப்போதே செய்து இறக்கிவிடுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடித்து அடங்க வேண்டும், அதன்பின் பெருங்காயம், கறிவேப்பிலை. இது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே கலவையில் சேர வேண்டும். சுடச்சுடக் கொட்டினால் மல்லி வதங்கும், வெள்ளரியின் மேல்புறம் வெந்து நீர் கசியும். சளசளவென்று பொரியும் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். சாலட்டுக்கு அது கெடுதல்.

4. வெள்ளரியைத் துருவ வேண்டாம். பட்டாணி அளவுக்குச் சதுரமாக நறுக்குங்கள். துருவல் என்றால் வெட்டுவாய் அதிகம், சாறு முழுக்க வெளியே வந்துவிடும். கேரட், மாங்காய் மட்டும் துருவலாக இருக்கட்டும்.

5. பருப்பு, கேரட், தேங்காய், பொடியாக அரிந்த மிளகாய், ஆறிய தாளிப்பு ஆகியவற்றை முதலில் கலந்து மூடி வையுங்கள். எண்ணெய் பூசிய பருப்பு இந்த நிலையில் அரை மணி நேரம் பொறுக்கும்.

6. இலை போட்டாயிற்று, சோறு வைக்கப் போகிறார்கள் என்னும்போது வெள்ளரி, மாங்காய், மல்லி, எலுமிச்சை, கடைசியாக உப்பு. இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கிப் புரட்டுங்கள். கையால் பிசைந்தால் நீர் விடும்.

உப்பின் அளவை எடையோடு பொருத்திக்கொண்டால் எந்தச் சாலட்டிலும் பிசகாது: மொத்தக் காய் 100 கிராமுக்கு உப்பு முக்கால் கிராம் முதல் ஒரு கிராம் வரை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஐந்தாறு கிராம் இருக்கும். கல்லுப்பானால் பொடித்துவிட்டு அளங்கள்.

நீர் விட்டுவிட்டதா? வடிதட்டில் கொட்டி நீரை இறக்கிவிட்டு, பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி தூவிப் புரட்டுங்கள். மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். வறுத்த வேர்க்கடலைப் பொடியும் இதே வேலையைச் செய்யும். வடித்த நீரை மோரில் கலந்து குடியுங்கள், அதில்தான் மாங்காயின் சுவை பாதி இருக்கிறது. உப்பு தூக்கலாகிவிட்டால் தேங்காயும் இன்னொரு பிஞ்சும் சேர்ப்பதுதான் வழி. தண்ணீரில் அலசினால் எல்லாம் போயிற்று.

வாழைத்தண்டு

பொறுமை கேட்கும் சாலட் இது. ஆனால் மற்றவை துவண்டுபோகும் வெயிலில் மொறுமொறுப்பு குறையாமல் நிற்பது வாழைத்தண்டுதான், அதனால் முயற்சிக்குத் தகும். ஒல்லியாக, வெள்ளை வெளேரென்று, வெட்டுவாயில் பழுப்பேறாமல் இருக்கும் ஒரு முழத் தண்டு எடுங்கள். பருத்த தண்டில் நார் மிகுதி.

கைக்கும் கத்திக்கும் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை ஏறாது. மேல்பட்டைகளைக் கழற்றினால் இனிக் கழலாது என்னும் இடத்தில் உள்தண்டு நிற்கும். ஒரு அகன்ற பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீரும் மூன்று மேசைக்கரண்டி கெட்டி மோரும் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே வெட்டத் தொடங்குங்கள். காற்றுப் பட்டவுடன் தண்டு பழுப்பேறும். மோரின் புளிப்பு அதைத் தடுக்கும். மெல்லிய வட்டமாக ஒரு வில்லை அறுத்ததும் இழுபடும் நாரை ஆட்காட்டி விரலில் சுற்றி எடுத்துவிட்டு அடுத்த வில்லை. நாலைந்து வில்லையை அடுக்கிப் பொடியாக அரிந்து உடனே மோர்த் தண்ணீரில் போடுங்கள். எல்லாம் போட்டு முடித்ததும் மத்தை உள்ளே விட்டு ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். விரலுக்குத் தப்பிய நாரெல்லாம் மத்தில் சுற்றிக்கொண்டு வரும்.

பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து எடுத்த தண்டு இரண்டு கப் என்றால், ஊறவைத்து வடித்த பாசிப்பருப்பு அரை கப், தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, பச்சைமிளகாய் ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. தாளிப்பும் கலக்கும் வரிசையும் கோசுமல்லிக்குச் சொன்னதுதான். மாதுளை முத்து ஒரு கைப்பிடி சேர்த்தால் குழந்தைகள் மறுப்பதில்லை.

முளைகட்டிய பயறு

பச்சைப்பயறு 100 கிராமை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கோடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முளை அரை அங்குலம் எட்டிவிடும். ஐந்து மணிக்கொரு முறை நல்ல தண்ணீரில் அலசி மறுபடி கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்றில்லாமல் பயறு பிசுபிசுத்து நாறும். அடுப்படிச் சூட்டில் தொங்கவிடாமல் மண்பானைக்குப் பக்கத்தில் வைத்தால் பிழைக்கும்.

பயறு முளைக்கிற அதே ஈரமும் சூடும் கிருமி பெருகவும் தோதானவை. விதையிலேயே ஒட்டியிருக்கும் கிருமியைக் கழுவி முழுதாகப் போக்க முடியாது. அதனால் கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயில் இருப்பவர்கள் பச்சை முளைப்பயறு சாப்பிட வேண்டாம். மற்றவர்களுக்கும் இட்லித் தட்டில் துணி விரித்து ஐந்து நிமிடம் ஆவி காட்டிப் பரிமாறுவதையே சிபாரிசு செய்கிறோம். முளை குழையாது, பச்சை வாடையும் போகும். ஆவியிலிருந்து இறக்கியதும் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே வெந்து தோல் கழன்றுவிடும். ஆறிய பயறில் சின்ன வெங்காயம், மாங்காய், மிளகுத்தூள், எலுமிச்சை. வெங்காயம் காட்டமாக இருந்தால் அரிந்து குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வடித்துப் பிழியுங்கள்.

தயிரில் கலப்பது

தயிர்ப் பச்சடிக்கு மட்டும் வெள்ளரியைத் துருவலாம், ஏனென்றால் இங்கே நாமே பிழிந்துவிடப் போகிறோம். இரண்டு வெள்ளரியின் துருவலைக் கைக்குள் அழுத்திப் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு கப் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் அரை மணி நேரம் தொங்கவிட்டு நீர் இறக்குங்கள். கத்திரி வெயில் நாட்களில் தயிர் நாலைந்து மணியில் உறைந்து, அதற்கு மேல் வெளியே நின்றால் புளிக்கத் தொடங்கும். மதியம் வரை வைத்திருக்க வேண்டுமானால் ஒரு கப் தயிருக்குக் கால் கப் காய்ச்சி ஆறிய பால் விட்டுக் கலந்து வையுங்கள்; தயிர்சாதத்துக்குச் செய்யும் அதே உபாயம். உப்பு, ஆறிய தாளிப்பு இரண்டும் பரிமாறும்போது.

பழங்கள்

தர்பூசணியில் தரையில் படுத்திருந்த பக்கம் வெளுப்பாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்திருக்க வேண்டும், அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். 600 கிராம் சதையை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி வடிதட்டில் ஐந்து நிமிடம் வைத்து, புதினா பத்து இலையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி மிளகுத்தூள், வறுத்த வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி. உப்பைக் கலவையில் போடாதீர்கள், அவரவர் தட்டில் ஒரு சிட்டிகை தூவிக்கொள்ளட்டும். புதினாவைக் கத்தியால் அரிந்தால் வெட்டுவாய் கறுக்கும், கிள்ளுவதே மேல்.

நுங்கு கிடைத்தால் நகம் பட்டதும் நீர் தெறிக்கும் இளசாக வாங்கித் தோலுரித்து, இந்தச் சாலட்டின் மேல் கடைசியில் வையுங்கள். கிளறக் கூடாது, உடைந்துவிடும். முற்றிய நுங்கு ரப்பர் மாதிரி, இதில் சேராது.

வெள்ளரிப்பழத்துக்கு எந்த வித்தையும் வேண்டியதில்லை. வெடித்த பழத்தை உதிர்த்து, விதை நீக்கி, நாட்டுச் சர்க்கரை தூவினால் முடிந்தது. வாங்கிய அன்றே தின்றுவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

வெட்டிய காயும் பழமும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுச் சூடு 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரே மணி நேரம்தான், நம் ஊரில் மே மாதம் முழுவதும் இந்தக் கணக்குத்தான். முதலில் கெடுவது தேங்காய், அடுத்து தயிர், பிறகு முளைப்பயறு.

அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போவதானால் தேங்காயை விட்டுவிடுங்கள். டப்பாவின் அடியில் எண்ணெய் பூசிய பருப்பு, அதன்மேல் கேரட், அதற்கும் மேலே ஒற்றித் துடைத்த வெள்ளரியைப் பெரிய துண்டாக வையுங்கள். மல்லியை மேலே தூவிக் கிளறாமல் மூடிவிடுங்கள். காலையில் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த டப்பாவை ஈரத் துண்டில் சுற்றி, பக்கத்தில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றையும் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தால் அதில் வைத்துவிடுங்கள். உப்பு ஒரு பொட்டலத்தில், எலுமிச்சை அரை மூடி தனியாக. சாப்பிடும் இடத்தில் பிழிந்து, உப்புத் தூவி, மூடியை இறுக்கி நாலு குலுக்குக் குலுக்கி உடனே சாப்பிடுங்கள்.